இரவல் மேகம்

மேலத்தருவையில் மேகங்கள் ஆளுக்கு ஒன்றாக வந்து இறங்கியது ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில். நாற்பத்தொரு மேகங்கள், கடல் பக்கமிருந்து வரிசையாக, மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் மாடுகளைப் போல அவசரமில்லாமல் வந்து, ஒவ்வொன்றும் தனக்கான தெருவில் திரும்பி, தனக்கான ஆளின் தலைக்கு மேலே, பனை உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரு கயிற்றுக்கட்டில் அளவுக்கு விரிந்து நின்றன. யாரும் கூச்சல் போடவில்லை. போனில் இனாமாகக் கிடைத்த டோக்கனின் பெயரே முகில் என்று இருந்ததால் அது முகிலாகவே வந்ததில் ஊருக்குப் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. குழப்பமெல்லாம் கிடைக்காமல் போன அறுபத்துமூன்று பேரைப் பற்றித்தான். அந்த அறுபத்துமூன்று பேரில் பேச்சிக்கனியும் ஒருத்தி.

மேலத்தருவை உப்பு விளைகிற ஊர். ஐப்பசியில் மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், தை பிறந்து தரை காயும்வரை சனம் வீட்டில் சும்மா இருக்கும். அப்படிச் சும்மா இருந்த ஒரு மழைக்காலத்தில், செல்போன் கடை வைத்திருந்த தவசிமுத்து அண்ணாச்சி எல்லாரையும் ஒரு குரூப்பில் சேர்த்து, திரையில் ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டி, தினமும் இதைத் தொட்டுக்கொண்டே இருங்கள், இதை உண்டாக்கினவர்கள் என்றைக்காவது ஒரு நாள் தொட்டவர்களுக்கெல்லாம் முகில் டோக்கனை இனாமாகக் கொடுப்பார்கள் என்று சொல்லி வைத்தார். அதனால் மழை கூரையைத் தட்ட, சனம் போனைத் தட்டியது. நூற்றுநான்கு பேர் தட்டினார்கள். பேச்சிக்கனி குழம்பு கொதிக்கும்போது தட்டினாள், தலை உலர்த்தும்போது தட்டினாள், சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதும் இடது கையால் தட்டினாள். ஒரே வளவுக்குள் பக்கத்து வீட்டில் இருந்த அவளுடைய ஓரகத்தி சந்தனமாரி, கொழுந்தன் பெண்டாட்டி, நினைப்பு வந்தால் தட்டினாள், வராவிட்டால் விட்டுவிட்டாள். இதைப் பேச்சிக்கனி அப்போதே கவனித்து வைத்திருந்தாள்.

குரூப்புக்கு ஒரு சட்டம் உண்டு. முந்தின வருஷம் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டு எல்லாருடைய போனிலும் பணப்பையாக இருந்த வாலட் வழித்து எடுக்கப்பட்டுவிட்டதால், எந்த லிங்க் வந்தாலும் தவசிமுத்து அண்ணாச்சி முதலில் தொட்டுப் பார்த்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, 'தொடலாம்' என்று எழுத வேண்டும். அதுவரைக்கும் ஒருவரும் விரல் வைக்கக் கூடாது. அந்தச் சனிக்கிழமை முகில் டோக்கனை வாங்கிக்கொள்கிற லிங்க் வந்தது, அண்ணாச்சி காலை எட்டு மணிக்குத் 'தொடலாம்' என்று எழுதினார். மதியத்தோடு டோக்கன் கொடுக்கிற வாசல் அடைபட்டது. அந்த நேரத்தில் அளத்துக்குப் போனவர்களின் போன்கள் கங்காணியின் கொட்டகையில், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் கிடந்தன. உப்புக்காற்று பட்டால் போன் செத்துப்போகும் என்று எல்லாரும் வேலைக்கு இறங்குமுன் அதில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அறுபத்துமூன்று போன்களும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து ஒரே குரலில் கூப்பிட்டன. தூக்கம் கெட்ட கங்காணி, தன் போனும் அதற்குள்தான் கிடக்கிறது என்ற நினைப்பில்லாமல், வாளியின்மேல் நாலு காலிச் சாக்கைப் போட்டு மூடினார்.

சந்தனமாரி அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. அவளுடைய பாத்தியையும் சேர்த்து உப்பு வாரியவள் பேச்சிக்கனி.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, சந்தனமாரி முற்றத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு மேலே மேகம் நின்றது, அவளைச் சுற்றி மட்டும் மார்கழி மாதத்து வெளிச்சம் இருந்தது.

"எக்கா, எதோ வந்து நிக்கி பாருங்க" என்றாள் சந்தனமாரி, புதுக் கம்மலைக் காட்டுகிற வெட்கத்தோடு.

"பாத்தேன், பாத்தேன். தெரு முக்குலயே தெரிஞ்சிது."

"உங்க போனு வாளிக்குள்ள கெடந்துருக்குமே. நான் எந்திரிச்சி ஓடி வரலாம்னுதான் பாத்தேன். கால் நிக்கல."

"கால் நிக்கல, வெரல் நின்னுருக்கு" என்றாள் பேச்சிக்கனி, கை கால் கழுவாமல் உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவள் பார்க்கிற ஆளிடமெல்லாம், குழாயடியில், ரேஷன் கடையில், மாவு மில்லில், "அவ உப்ப நான் வாருனேன், எம் மேகத்த அவ வாங்கிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மட்டும், "அவளுக்கு வந்தது அவ மேகம்லா? ஒனக்கு வந்தாத்தான ஒம் மேகம்?" என்று கேட்டுவிட்டு அன்று இரண்டு வேளை வெறும் சோறு தின்றான்.

மேகத்தோடு வாழ ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. கோயிலில் மேகத்தைச் செருப்போடு சேர்த்து வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். சாமி கும்பிட்டு வந்து எது தன்னுடையது என்று மறந்து போனவர்களை மேகமே வந்து கண்டுபிடித்தது. அளத்தில் மேகக்காரர்கள் ஒரே பாத்தியில் நிற்கக் கூடாது, நின்றால் நிழல் விழுந்த இடத்தில் உப்பு பூக்காது, நடந்துகொண்டே வார வேண்டும் என்று கங்காணி உத்தரவு போட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுகிற செலவுக்குப் பயந்து, மேகக்காரர்கள் எட்டுப் பேரைப் பார்த்து முதல் வரிசைப் பத்திரிகை வைத்தார்கள். ரேஷன் வரிசையில் மேகக்காரர் யாராவது நின்றால் அவர் முதுகோடு ஒட்டி நாலு பேர் நின்றார்கள், நிழலுக்குள் இருக்கும்வரை பல்லைக் காட்டிப் பேசினார்கள், அவர் போன பிறகு அவருடைய பிறப்பையும் வளர்ப்பையும் அலசினார்கள். ஒன்றே ஒன்றுதான் மேகங்களால் முடியவில்லை. ஊர் எல்லையான ரயில் கேட்டை அவை தாண்டாது. ஆள் தாண்டிப் போனால், திரும்பி வரும்வரை கேட்டுக்கு இந்தப் பக்கமே காத்துக் கிடக்கும்.

சந்தனமாரியின் மேகம் சாயங்காலத்தில் காற்று வாக்கில் சாய்ந்து, அதன் நிழலில் ஒரு முழம் பேச்சிக்கனியின் முற்றத்திலும் விழும். பேச்சிக்கனி அந்த ஒரு முழத்தில் கால் வைக்க மாட்டாள். கட்டிலை இழுத்து வெயிலில் போட்டுப் படுப்பாள். அவளுடைய கோழிகள் நான்கும் வெட்கமில்லாமல் அந்த நிழலில் போய்ப் படுத்துக்கொண்டதால் அவற்றைக் கூடையைப் போட்டு அடைத்தாள். வெயிலில் படுத்தபடி, மேகத்தின் ஓரம் எங்கே மடிந்திருக்கிறது, நடுவில் எங்கே கருத்திருக்கிறது, இன்றைக்கு நேற்றைவிடப் பருத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, சந்தனமாரியைவிடவும் அந்த மேகத்தை நன்றாகத் தெரிந்தவள் ஆனாள்.

வைகாசி வந்தது. மேகம் கிடைக்காத வெயில்காரர்கள் தவசிமுத்து அண்ணாச்சியின் கடை முன்னால் கூடி, அடைத்த வாசலை இன்னொரு தடவை திறக்கச் சொல்லிக் கேட்டார்கள். அண்ணாச்சி தன் மேகத்தின் கீழ் நின்று, முகிலை உண்டாக்கினவர்கள் அனுப்பியிருந்த பதிலை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். திறப்பதும் திறக்காததும் மேகம் வைத்திருக்கிறவர்கள் பாடு. ஆனால் புதுமேகம் கிடையாது. திறந்தால் இருக்கிற நாற்பத்தொன்றையும் கிழித்து நூற்றுநான்கு பேருக்கும் சமமாகப் பங்கு வைக்க வேண்டும். கட்டில் அளவு மேகம் முறம் அளவு ஆகும் என்று அண்ணாச்சி கையை விரித்துக் காட்டினார்.

"பஸ்ஸ விட்டவ, போன பஸ்ஸ கைதட்டிக் கூப்புடலாமா?" என்றான் ஆட்டோக்காரன் பொன்பாண்டி. அவன் மேகக்காரன்.

"பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் வரும்லே. இதுக்கு அடுத்த பஸ் எங்க நிக்கி, காட்டு!" என்றாள் வெள்ளத்தாய். அவள் அளத்தில் பேச்சிக்கனிக்கு அடுத்த பாத்திக்காரி, வாய்க்குப் பேர் போனவள்.

"நாங்க தொட்டோம், வந்துச்சு."

"வீட்டுல ஃபேனுக்கடியில கெடந்து தொட்ட. நாங்க வெயில்ல கெடந்தோம். மேகம் யாருக்குல வேணும், ஃபேனுக்கா?"

கூட்டம் சிரித்தது, மேகக்காரர்களில் சிலரும் சிரித்தார்கள். கடைசியில், போனில் ஓட்டுப் போட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குத் தெற்கே தரிசாகக் கிடக்கிற பழைய அளத்தில் மேகத்தோடு வந்து நிற்பது என்று முடிவாயிற்று. திறக்கலாம் என்கிறவர்கள் கிழக்கே கடலைப் பார்த்து. வேண்டாம் என்கிறவர்கள் மேற்கே ரயில் ரோட்டைப் பார்த்து. தலைக்கு மேலே மேகம் நிற்கிறவருக்குத்தான் கணக்கு.

அந்த வாரம் பேச்சிக்கனி வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறினாள். உறவு சொல்லிக் கேட்டாள், பழைய உதவியைச் சொல்லிக் கேட்டாள், ஒரு வீட்டில் அழுதும் பார்த்தாள். நாற்பது வீடு முடிந்தபோது இருபது பேர் கிழக்கு, இருபது பேர் மேற்கு. மூன்று தடவை விரல் விட்டுப் பார்த்தும் அதே கணக்குத்தான் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு, அவளுடைய சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. அந்த வாசலை மட்டும் அவள் மிதிக்கவில்லை. சந்தனமாரியிடம் போய்க் கை நீட்டுவதற்குப் பதில் இந்த வெயிலிலேயே உப்பாகி உதிர்ந்துவிடலாம் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சந்தனமாரியே வந்தாள். கையில் பை, கண் வீங்கியிருந்தது. சாயல்குடியில் அவள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வர முடியாதுக்கா. மேகமும் கேட்ட தாண்டி வராது. இங்க சும்மா நிக்கதுக்கு, உங்க வாலட்டுக்கு அனுப்பிட்டுப் போறேன். வந்து வாங்கிக்கிடுதேன்."

பேச்சிக்கனி ஏறிட்டுப் பார்த்தாள். "எங்கிட்டயா?"

"வேற யாருகிட்ட குடுப்பேன்? நீங்க கெழக்க போயி நில்லுங்க. உங்களுக்கும் ஒண்ணு கெடைக்கட்டும். எனக்கு மொறம் போதும், எந்தலை சின்னத் தலைதான்" என்று சொல்லி, அந்தத் துக்கத்திலும் கொஞ்சம் சிரித்து, போனைத் தொட்டாள்.

மேகம் அவள் தலையைவிட்டு எழுந்தது, சுவரைத் தாண்டியது, பேச்சிக்கனிக்கு மேலே வந்து நின்றது. சந்தனமாரி வெறுந்தலையோடு வெயிலில் பஸ்ஸுக்கு நடந்து போனாள். அவள் தெரு முக்கில் திரும்பும்வரைதான் பேச்சிக்கனி அவளைப் பார்த்தாள். பிறகு தலையை அண்ணாந்து மேகத்தைப் பார்த்தாள். கீழேயிருந்து பார்க்கும்போது அது பக்கத்து முற்றத்திலிருந்து பார்த்ததைப் போல இல்லை. இன்னும் பெரிதாக இருந்தது.

மறுநாள் அளத்தில் இறங்கியபோது, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உப்பின் வெள்ளை அவள் கண்ணைக் குத்தவில்லை. முதுகில் வேர்வை வடியவில்லை. மேகத்தின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் காற்று இறங்கி அவள் காதோரத்தை மட்டும் தொட்டுப் போனது. ஆனால் அந்தக் குளிர்ச்சியைவிட அவளுக்கு வேறொன்று இனித்தது. நிழலுக்குள் நின்று வெளியே பார்த்தால், மற்றவர்களெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் தானும் இப்படித்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சந்தனமாரியைப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. கஞ்சி குடிக்கிற நேரத்தில் வெள்ளத்தாய் தூக்குவாளியோடு வந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுட்டி. ஒன் மேகம்தான, தேஞ்சா போயிரும்?"

ஒன் மேகம் என்று அவள் சொன்னது பேச்சிக்கனிக்குக் கேட்டது. திருத்த வேண்டும் என்று நினைத்தாள், வாயில் கஞ்சி இருந்தது, விழுங்கினாள், அதற்குள் வெள்ளத்தாய் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பகலிலும் அவள் காரணமில்லாமல் தெருவில் நடந்தாள். உப்பு வாங்கக் கடைக்குப் போனாள். உப்பு விளைகிற ஊரில் உப்பு வாங்கப் போனவள் அவள் ஒருத்திதான். கோழிகள் நான்கையும் கூடையிலிருந்து திறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய அளத்தில் ஊரே கூடியது. மேகக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பிரிந்தார்கள், மேகங்கள் தலைக்கு மேலே உரசிக்கொண்டு பிரிந்தன, கிழக்கே இருபது, மேற்கே இருபது, நடுவில் காய்ந்து வெடித்த வெறுந்தரை. தவசிமுத்து அண்ணாச்சி கிழக்கே நின்றார். சனம் அளத்துக்குப் போன பிறகு 'தொடலாம்' என்று எழுதிவிட்டோமே என்கிற குறுகுறுப்பு அவருக்கு. கடைசியாக வந்தவள் பேச்சிக்கனி. அவள் வருவதைப் பார்த்ததும் வெயில்காரர்கள் அறுபத்திரண்டு பேரும் விசில் அடித்தார்கள், துண்டை வீசினார்கள். அவர்களுக்காக வீடு வீடாக ஏறியவள் அல்லவா, அவள் எங்கே நிற்பாள் என்பதில் யாருக்கு என்ன சந்தேகம்.

அவள் கிழக்கே பார்த்துத்தான் நடந்தாள். அங்கே முன்வரிசையில் வெள்ளத்தாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"வாட்டி என் ராசாத்தி! இனி ஒந்தலையில ஒரு மொறம், எந்தலையில ஒரு மொறம். நீயும் நானும் ஒண்ணுட்டி!"

பேச்சிக்கனியின் நடை தளர்ந்தது. அவள் அந்த அறுபத்திரண்டு தலைகளையும் பார்த்தாள். ஒவ்வொரு தலைக்கு மேலேயும் ஒரு முறம் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். வெள்ளத்தாய்க்கு ஒன்று, சாக்கைப் போட்டு மூடிய கங்காணிக்கும் ஒன்று, தன்னை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாத எதிர்வீட்டுக்காரிக்கு ஒன்று. எல்லார் தலையிலும் இருந்தால் யார் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பார்கள்? அண்ணாந்தாள். ஓரத்தில் அந்த மடிப்பு, நடுவில் அந்தக் கருப்பு, வெயிலில் கிடந்து அவள் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தது. இதையா கிழிப்பது? எம் மேகத்தையா, என்று அவள் மனசு கேட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு சாயல்குடி நினைவில்லை, இடுப்பெலும்பு நினைவில்லை, சந்தனமாரி என்று ஒருத்தி இருப்பதே நினைவில்லை.

அவள் திரும்பி மேற்கே நடந்தாள்.

விசில் நின்றது. வெள்ளத்தாயின் கைகள் விரித்தபடியே இருந்தன. பேச்சிக்கனி போய் பொன்பாண்டிக்குப் பக்கத்தில் ரயில் ரோட்டைப் பார்த்து நின்றாள், அவன் ஆச்சரியத்தில் தன் மேகத்தைக் கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் கொடுத்தான், தவசிமுத்து அண்ணாச்சி வேறு வழியில்லாமல் இரண்டு பக்கத்தையும் உரக்க எண்ணினார்: கிழக்கே இருபது, மேற்கே இருபத்தொன்று. வாசல் அடைத்தது அடைத்ததுதான் என்று ஆயிற்று. அவர் எண்ணி முடித்து, சனம் மண்ணை வாரித் தூற்ற ஆரம்பித்த பிறகுதான், இந்த மேகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சிக்கனிக்கு ஞாபகம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை சந்தனமாரி வருகிறாள் என்று தெரிந்து, வெயில்காரர்கள் ரயில் கேட்டில் போய் நின்றார்கள். பேச்சிக்கனியும் மேகத்தோடு போனாள். போகாமல் இருக்க முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"ஒன் ஓரகத்தி செஞ்ச காரியம் தெரியுமா ஒனக்கு?" என்று வெள்ளத்தாய் முதலில் பாய்ந்தாள். "ஊரக் கூட்டி வச்சிட்டு மேக்க போயி நின்னுட்டாளே பாவி!"

சந்தனமாரி பேச்சிக்கனியைப் பார்த்தாள். வெகுநேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். பேச்சிக்கனி அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினாள். கோபம் இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சண்டை போட்டுவிடலாம்.

"அக்காவ ஏன் ஏசுதிய?" என்றாள் சந்தனமாரி. "மேகம் என்னது. நான்தான் மேக்க போயி நிக்கச் சொல்லிட்டுப் போனேன்."

சனம் அவள் பக்கம் திரும்பியது. பிறகு வாய் திறந்தது. கல்நெஞ்சுக்காரி, அம்மா இடுப்பு முறிந்து கிடக்கும்போதும் நிழலைப் பார்த்தவள், காய்ச்சலே பொய்க்காய்ச்சல் என்று என்னென்னவோ சொன்னார்கள். சந்தனமாரி பையைத் தரையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பேச்சிக்கனி இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தொட்டாள். மேகம் எழுந்து போயிற்று. வெயில் ஒரேயடியாக அவள் உச்சியில் இறங்கியது.

வெள்ளத்தாய் அவள் தோளில் கை போட்டாள். "ஒன்னத் தப்பா நெனச்சிட்டேன்ட்டி. இரவல் வாங்குனவ என்ன செய்வா? அவ சொன்னா, நீ நின்ன. அப்படித்தான?"

எல்லாரும் பேச்சிக்கனியைப் பார்த்தார்கள். சந்தனமாரி மட்டும் பார்க்கவில்லை, பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பேச்சிக்கனி வாயைத் திறந்தாள்.

"ஆமா" என்றாள். "அவ சொன்னா, நான் நின்னேன்."

அதன் பிறகு வெயில்காரர்கள் சந்தனமாரியிடம் பேச்சை விட்டுவிட்டார்கள். ரேஷன் வரிசையில் அவள் நிழலுக்குள் யாரும் போய் ஒட்டவில்லை, வெயிலிலேயே நின்றார்கள். அளத்தில் கஞ்சி நேரத்தில் எல்லாரும் பேச்சிக்கனியைச் சுற்றி உட்கார்ந்து, அவளுக்குக் கருவாட்டுத்துண்டு கொடுத்து, பாவம், இப்படி ஒருத்தியோடு ஒரே வளவில் குடியிருக்க வேண்டியிருக்கிறதே என்று உச்சுக்கொட்டினார்கள். வாழ்க்கையில் அத்தனை பேர் அத்தனை அன்பாக அவளிடம் இருந்ததே இல்லை. தூரத்தில், கடைசிப் பாத்தியில், சந்தனமாரி தன் மேகத்தோடு தனியாக நடந்து நடந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லில் எல்லாவற்றையும் திருப்பிவிடக்கூடியவள், அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லாதவள். பேச்சிக்கனி கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு வயிறு எரிந்தது, மேகத்துக்காக எரிந்ததைவிட அதிகமாக.